சப்ளை செயின் ரிஸ்க் ஆராய்ச்சி: எதைப் படிப்பது, எதை விடுவது?

வாசகர் கேள்வி: மேடம், ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். 2025-ல் சீனாவிலிருந்து காந்தம் வராமல் எங்கள் மோட்டார் லைன் ஒன்பது நாள் நின்றது. அதற்குப் பிறகு எம்.டி. கூப்பிட்டு, சப்ளை செயின் ரிஸ்க் பற்றி உலகத்தில் என்னென்ன ஆராய்ச்சி வருகிறதோ எல்லாவற்றையும் ஃபாலோ பண்ணி மாதம் ஒரு ரிப்போர்ட் கொடு என்று சொல்லிவிட்டார். கூகுள் ஸ்காலரில் அலர்ட் போட்டேன், தினமும் வந்து குவிகிறது. பாதி பேப்பருக்குப் பணம் கேட்கிறார்கள், மீதி புரியவில்லை. எந்த ஜர்னலை வாங்குவது? இதற்காக பிஎச்.டி. சேர வேண்டுமா? பெயர் வேண்டாம்.

பதில்: முதல் வேலையாக அந்த அலர்ட்டை நிறுத்துங்கள். சப்ளை செயின் ரிஸ்க் என்று பொதுவாகப் போட்டால் தடுப்பூசியும் வரும், கோழிப்பண்ணையும் வரும், துறைமுகமும் வரும். இந்தத் துறையிலேயே ஊறிய பேராசிரியர்கள்கூட எல்லாவற்றையும் படிப்பதில்லை, படிக்க முடியாது. வில்லியம் ஹோவும் அவருடன் மூன்று பேரும் 2015-ல் எழுதிய தொகுப்புக் கட்டுரை, 2003 முதல் 2013 வரை வந்தவற்றில் மட்டும் 224 கட்டுரைகளை எடுத்து அலசியது. அது கொரோனாவுக்கு முந்தைய கணக்கு. அதன்பின் வந்து குவிந்ததை நீங்களே தினமும் இன்பாக்ஸில் பார்க்கிறீர்கள். அதையெல்லாம் படிக்காமல் விட்டதற்காகக் குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

படிக்காமலே இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்தவள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அடையாறு கரை தாண்டியபோது நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மெட்டீரியல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் ரிஸ்க் ஃபைல் இருந்தது, அழகாகவே இருந்தது, ஏ கிளாஸ் ஐட்டம் எல்லாவற்றுக்கும் மாற்று சப்ளையர், சேஃப்டி ஸ்டாக், மாதம் ஒரு ரிவ்யூ. வருடத்துக்கு யாரிடம் அதிகப் பணத்துக்கு வாங்குகிறோமோ அவர்தான் பெரிய ரிஸ்க் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். எங்கள் லைன் நின்றது ஆறு ரூபாய் ரப்பர் சீலுக்காக. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்ன யூனிட், அவரிடம் மட்டும்தான் அந்த சீலை வார்க்கும் அச்சு, அதாவது மோல்டு, அது இடுப்பளவு தண்ணீரிலும் சேற்றிலும் கிடந்தது. அந்த மனிதர் வீடும் மூழ்கி, குழந்தைகளை மொட்டை மாடியில் உட்கார வைத்துவிட்டு என் போனை எடுத்தார், நான் அவரிடம் சீல் எப்போது வரும் என்று கேட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

பிறகு ஜனவரியில் உட்கார்ந்து தேடியபோது ஒரு கட்டுரை கிடைத்தது. எம்.ஐ.டி. பேராசிரியர் டேவிட் சிம்கி-லெவியும் வில்லியம் ஷ்மிட், யெஹுவா வெய் இருவரும் சேர்ந்து ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவின் 2014 ஜனவரி-பிப்ரவரி இதழில் எழுதியது. ஃபோர்டு கம்பெனியின் சப்ளையர்களை ஒவ்வொருவராக எடுத்து, இவர் இரண்டு வாரம் நின்றால் கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்கிட்டிருந்தார்கள். 61 சதவீத சப்ளையர் இடங்கள் நின்றாலும் லாபத்தில் ஒன்றும் பாதிப்பில்லை. மிகப் பெரிய அடி எங்கிருந்து வருமென்றால், ஃபோர்டு வருடத்துக்குக் குறைந்த தொகைக்கு வாங்குகிற இடங்களிலிருந்து. எங்கள் ரப்பர் சீல் கதை அப்படியே அதில் இருந்தது, வெள்ளம் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே அச்சாகிக் கிடந்திருக்கிறது. அதைப் படித்திருந்தால் மழை நின்றிருக்காது. ஆனால் அந்த மோல்டுக்கு ஒரு ஜோடி செய்து ஒசூரில் வைத்திருப்போம்.

இந்தக் குழுவின் ஆராய்ச்சியில் உங்களுக்கு வேண்டியது இரண்டு எண்கள்தான். ஒரு சப்ளையர் விழுந்தால் மறுபடி எழுந்து சப்ளை கொடுக்க எத்தனை நாள், அது மீள்வதற்கான நாள். அவர் இல்லாமல் நம் லைன் எத்தனை நாள் ஓடும், அது தாங்கும் நாள். எங்கள் சீலுக்கு ஸ்டோர்ஸில் ஆறு நாள் ஸ்டாக், வண்டியில் ஒரு நாள், கஸ்டமரிடம் முடித்த பொருளாக மூன்று நாள், ஆக பத்து நாள் தாங்கும். புது மோல்டு வெட்டி, ட்ரையல் எடுத்து, கஸ்டமர் அப்ரூவல் வாங்க ஆறு வாரம், அதாவது 42 நாள். இடைவெளி 32 நாள். இதில் எங்கேயும் வெள்ளம் வருமா, தீ பிடிக்குமா என்று ஜோசியம் பார்க்கவில்லை, அதுதான் இந்த முறையின் அருமை. எதனால் நிற்கிறது என்பதை விட்டுவிட்டு, நின்றால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்கிறது. கணித விவரம் வேண்டுமானால் அதே குழு ஃபோர்டு ஆட்களோடு சேர்ந்து 2015-ல் இன்டர்ஃபேசஸ் என்ற இதழில் எழுதியிருக்கிறது. உங்கள் பார்ட் லிஸ்டை எடுத்து எக்ஸெலில் இந்த இரண்டு எண்களுக்கும் இரண்டு பத்திகளைச் சேர்த்தாலே எம்.டி. கேட்ட ரிப்போர்ட்டில் முக்கால்வாசி முடிந்த மாதிரி.

சரி, உங்கள் காந்தத்துக்கு வருவோம்.

2025 ஏப்ரல் 4-ஆம் தேதி சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் (ரேர் எர்த், மோட்டார் காந்தங்களில் சேர்க்கும் உலோகங்கள்) அவற்றைச் சேர்த்துச் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி லைசென்ஸ் கட்டாயமாக்கியது, டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் அதில் அடக்கம். அடுத்த மாதமே ஃபோர்டு சிகாகோவில் எக்ஸ்ப்ளோரர் தயாரிப்பை ஒரு வாரம் நிறுத்தியது. மேலே சொன்ன ஆராய்ச்சி நடந்தது இதே ஃபோர்டில்தான் என்பதைக் கவனியுங்கள். அந்த முறை தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த முறையில் மீள்வதற்கு எத்தனை நாள் என்பதை சப்ளையரிடம் கேட்டு எழுதவேண்டும். காந்தம் செய்கிற சப்ளையரின் ஃபாக்டரி நன்றாகத்தான் இருந்தது, மெஷின் ஓடியது, ஆள் இருந்தார்கள், லைசென்ஸ் எப்போது வரும் என்பது மட்டும் அவருக்கே தெரியாது. அப்படியானால் உங்கள் கம்பெனிக்கான உண்மையான கேள்வி இதுதான்: ஒரு நாட்டின் அரசாங்க அனுமதி நின்றுபோனால் இதற்கு முன் யார் எப்படி மீண்டார்கள், எத்தனை நாள் ஆனது?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தேடினால் நீங்கள் போய்ச் சேரும் இடமே வேறு. 2010 செப்டம்பரில், ஜப்பானும் சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவு அருகே படகு மோதல் நடந்த பிறகு ஜப்பானுக்குச் சீனாவிலிருந்து வரவேண்டிய அரிய மண் சரக்கு தடைப்பட்டது. அதற்குப் பிறகு ஜப்பான் என்ன செய்தது என்பது பொருளாதாரம், வர்த்தகக் கொள்கை பற்றிய கட்டுரைகளில் இருக்கிறது. 2011-ல் ஜப்பான் அரசு நிறுவனம் ஒன்றும் சோஜிட்ஸ் என்ற ஜப்பானிய வர்த்தகக் கம்பெனியும் சேர்ந்து, அரிய மண் எடுக்கும் ஆஸ்திரேலியாவின் லைனஸ் நிறுவனத்தில் பணம் போட்டார்கள். ஏறக்குறைய 90 சதவீதமாக இருந்த சீனச் சார்பு வருடங்கள் போகப்போக 60 சதவீதம் அளவுக்கு வந்தது. அமெரிக்க அரசியல் ஆய்வாளர் யூஜின் கோல்ஸ் 2014-ல் எழுதிய அறிக்கை, அந்த நெருக்கடியில் கம்பெனிகள் எப்படி காந்தத்தில் அரிய மண் அளவைக் குறைத்தும் மாற்று வழி பார்த்தும் சமாளித்தன என்று சொல்கிறது. இன்னொரு பக்கம் உலோகவியல் இதழ்கள். ஹோண்டாவும் டைடோ ஸ்டீலும் 2016-லேயே டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற கனமான அரிய மண் சேர்க்காத காந்தத்தை ஹைப்ரிட் கார் மோட்டாருக்குப் பயன்படுத்தப்போவதாக அறிவித்தார்கள். பர்ச்சேஸில் இருக்கும் நீங்கள் இந்தத் தகவலோடு டிசைன் ஆட்களிடம் போய் உட்கார்ந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். உங்கள் பழைய அலர்ட் இந்த மூன்றில் ஒன்றையாவது கொண்டு வந்து கொடுத்திருக்குமா என்பது சந்தேகம். இதனால்தான் எந்த ஜர்னல் என்று கேட்பதற்கு முன்னால் எந்தக் கேள்வி என்று கேட்கச் சொல்கிறேன்.

இப்போது அடிமரம், அதாவது இந்தத் துறையின் அடிப்படைக் கட்டுரைகள். இந்தத் துறையில் கிளை எக்கச்சக்கம், அடிமரம் கொஞ்சம்தான், அதைப் படித்துவிட்டால் புதிதாக வருவதில் எது புதிது, எது பழசுக்குப் புதுச்சட்டை போட்டது என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். சுனில் சோப்ராவும் மன்மோகன் சோதியும் எம்.ஐ.டி. ஸ்லோன் இதழில் 2004-ல் எழுதியதில் இருந்து தொடங்குங்கள், கணிதமே கிடையாது, ஒரு ரிஸ்க்கைக் குறைக்கப் போனால் இன்னொன்று எப்படிக் கூடுகிறது என்று பொறுமையாகச் சொல்கிறது. கிறிஸ்டோபர் டாங் 2006-ல் எழுதியது அதுவரை வந்த ஆராய்ச்சியின் வரைபடம் மாதிரி. அதே 2006-ல் பிரையன் டாம்லின் மேனேஜ்மென்ட் சயன்ஸ் இதழில் எழுதியது கணிதம் நிறைந்தது, முன்னுரையையும் முடிவையும் மட்டும் படித்தால் போதும். அடிக்கடி வந்து சீக்கிரம் சரியாகும் தடங்கலுக்கு ஸ்டாக் வைப்பது உதவும், எப்போதோ வந்து நீண்ட நாள் இழுக்கும் தடங்கலுக்கு ஸ்டாக்கைவிட நம்பகமான இன்னொரு சப்ளையர் மேல் என்பது அதன் சாரம். உங்கள் காந்தம் இரண்டாவது வகை. ஆறு மாத ஸ்டாக் வாங்கி குடோனில் அடுக்கலாம் என்று யாராவது மீட்டிங்கில் சொன்னால் இதை எடுத்துப் பேசுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பாரோ, சோவாக்னா என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2016-ல் எழுதியது. அமெரிக்காவில் இயற்கைப் பேரிடரில் ஒரு சப்ளையர் அடிபட்டால், அவரிடம் வாங்கும் கம்பெனியின் விற்பனை வளர்ச்சி இரண்டு மூன்று சதவீதப் புள்ளி குறைகிறது, அந்தப் பொருள் வேறெங்கும் கிடைக்காததாக இருந்தால் அடி பலம். இதோடு நின்றிருந்தால் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவர்கள் இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள்: அந்தக் கம்பெனிக்கு சப்ளை செய்யும் மற்ற சப்ளையர்களுக்கும், அவர்கள் பகுதியில் புயலும் இல்லை மழையும் இல்லை என்றாலும், விற்பனை விழுகிறது. நமக்கு இது 2021-ல் சிப் தட்டுப்பாட்டின்போது நடந்தது, நம் ஃபாக்டரியில் எந்தக் குறையும் இல்லை, ஆனால் கார் கம்பெனி சிப் இல்லாமல் ஷெட்யூலைக் குறைத்தது, ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உதிரிபாகக்காரர்கள் செய்த சரக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உங்களைப் போன்ற உதிரிபாகக் கம்பெனி தன் வெண்டர்களை மட்டும் பார்த்தால் போதாது, தன் கஸ்டமரின் மற்ற வெண்டர்களில் யார் பலவீனம் என்றும் பார்க்க வேண்டும். இதை உங்கள் எம்.டி. இதுவரை யோசித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பெரும்பாலானவர்கள் யோசிப்பதில்லை.

இந்த அடிமரக் கட்டுரைகளை வைத்தே புதியதைப் பிடிக்கலாம். கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே அதை மேற்கோள் காட்டியவை எத்தனை என்று ஒரு இணைப்பு இருக்கும், அதைத் திறந்து, அந்தக் கட்டுரைகளுக்குள் மட்டும் தேடு என்ற கட்டத்தை டிக் செய்து, ஆட்டோமோட்டிவ் என்றோ மேக்னெட் என்றோ போடுங்கள், அந்தத் தேடலுக்கு மட்டும் அலர்ட் வையுங்கள். வருவது குறையும், வருவதெல்லாம் உங்களுடையதாக இருக்கும்.

அச்சில் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். 2011 மார்ச் 11 ஜப்பான் நிலநடுக்கம் சப்ளையர் சங்கிலி வழியாக எவ்வளவு தூரம் பரவியது என்று கார்வால்யோ, நிரேய், சாய்ட்டோ, தாஹ்பஸ்-சாலேஹி நால்வர் செய்த ஆய்வு மிகப் பெரியது, நேரடி சப்ளையரையும் கஸ்டமரையும் தாண்டி அவர்களுக்கு அடுத்தடுத்த கண்ணிகள் வரை பாதிப்பு போனதைக் காட்டி, அதன் அடுத்த வருடம் ஜப்பானின் மொத்த உற்பத்தி வளர்ச்சியில் 0.47 சதவீதப் புள்ளி அதனால் குறைந்தது என்று கணக்கிட்டது. அது குவார்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸில் வந்தது 2021-ல், நிலநடுக்கம் நடந்து பத்து வருடம் கழித்து. ஆனால் ஒர்க்கிங் பேப்பராக, அதாவது ஜர்னலில் வருவதற்கு முந்தைய வரைவாக, இணையத்தில் பல வருடம் முன்பே இலவசமாகக் கிடைத்தது. இப்படிப்பட்ட வரைவுகள் வரும் எஸ்.எஸ்.ஆர்.என். (SSRN), என்.பி.இ.ஆர். (NBER) என்ற இரண்டு இணையதளங்களையும் மாதம் ஒருமுறை பாருங்கள்.

பணம் கேட்கும் பேப்பரைப் பற்றி. ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். ஸ்காலரில் எல்லாப் பதிப்புகளும் என்ற இணைப்பை அமுக்கினால் ஆசிரியரே தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் போட்ட பிரதி பல நேரம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கு நான்கு வரி மெயில் எழுதுங்கள், நான் இன்ன ஊரில் இன்ன வேலை பார்க்கிறேன், உங்கள் கட்டுரை எனக்கு இதற்காகத் தேவை என்று. நான் எழுதியதில் பெரும்பாலானவர்கள் அனுப்பினார்கள், சிலர் உங்கள் ஃபாக்டரியில் அது ஒத்துப்போகிறதா என்று திருப்பிக் கேட்டார்கள். அப்புறம், மத்திய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியிலிருந்து அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான ஜர்னல்களைத் திறந்துவிட்டிருக்கிறது. உங்கள் கம்பெனிக்கு அது கிடையாது, ஆனால் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் துறையும் ஐ.ஐ.டி. மெட்ராஸின் மேலாண்மைத் துறையும் உங்களிடமிருந்து ஒரு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கின்றன. மாணவர்களுக்கு ப்ராஜெக்டுக்கு உண்மையான டேட்டா வேண்டும், உங்களுக்குப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். எம்.டி.யிடம் அனுமதி வாங்கி, விலை விவரங்களை மறைத்துக் கொடுத்து, ஒரு மாணவரையாவது ஆறு மாதத்துக்கு எடுங்கள்.

இனி எதை நம்புவது. இந்தத் துறையில் வரும் கட்டுரைகளில் ஒரு பெரும் பங்கு கேள்வித்தாள் ஆய்வு. இருநூறு, முந்நூறு மேனேஜர்களுக்கு ஃபார்ம் அனுப்பி, உங்கள் சப்ளை செயின் தாங்குதிறன் உள்ளதா என்று ஒன்று முதல் ஐந்துக்குள் மார்க் போடச் சொல்வார்கள், அதே ஆளிடம் அதே ஃபார்மில் உங்கள் கம்பெனி நன்றாக நடக்கிறதா என்றும் கேட்பார்கள், பிறகு தாங்குதிறன் இருந்தால் கம்பெனி நன்றாக நடக்கும் என்று முடிவு எழுதுவார்கள். ஒரே ஆள், ஒரே மனநிலை, ஒரே நாள். நீங்களும் நானும் அப்படிப்பட்ட ஃபார்மை லஞ்ச் நேரத்தில் எப்படி நிரப்பியிருக்கிறோம் என்பது நமக்குத் தெரியும். அதனால் ஒரு பேப்பரைத் திறந்தவுடன் முன்னுரையைத் தாண்டி நேராக டேட்டா எங்கிருந்து வந்தது என்ற பகுதிக்குப் போங்கள். உண்மையான சரக்கு விவரம், விற்பனைக் கணக்கு, யார் யாருக்கு சப்ளை என்ற பதிவு, இப்படி ஏதாவது இருந்தால் உட்கார்ந்து படியுங்கள். வெறும் ஃபார்ம் என்றால், கேள்வி உங்களுக்கு மிக நெருக்கமாக இருந்தால் ஒழிய விட்டுவிடலாம்.

நல்ல ஆய்வையும் அதன் எல்லைக்குள் வைத்துப் படிக்க வேண்டும். ஹெண்ட்ரிக்ஸும் வினோத் சிங்கலும் 2005-ல் காட்டிய கணக்கு ஒன்று இன்றும் கன்சல்டன்ட் ஸ்லைடுகளில் சுற்றுகிறது, சப்ளை செயின் தடங்கல் வந்தால் பங்கின் வருமானம் ஏறக்குறைய 40 சதவீதம் பின்தங்கும் என்று. ஆய்வு மிக நேர்த்தியானது. ஆனால் அது 1989 முதல் 2000 வரை அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருந்த, தடங்கலை வெளியே அறிவித்த கம்பெனிகளைப் பற்றியது, ஆண்டு கணக்கில் நீண்ட காலம் பார்த்தது. அதை எடுத்து ஒரகடத்தில் ஒரு தனியார் கம்பெனியின் ரிப்போர்ட்டில் முதல் பக்கத்தில் போட்டால் அது தப்பான இடம். ஏ.ஐ. சாட்பாட்டிடம் சுருக்கம் கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அது சொல்லும் பேப்பர் நிஜமாகவே இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்த பிறகே எழுதுங்கள், இல்லாத கட்டுரையை இருக்கிற ஆசிரியர் பேரில் சொல்லிவிடும்.

பிஎச்.டி.யைப் பொறுத்தவரை, ஆராய்ச்சி செய்யவே ஆசை இருந்தால் சேருங்கள், இந்த ரிப்போர்ட்டுக்காகச் சேர வேண்டாம். வாரம் இரண்டு மணி நேரம், ஒரு நோட்டு, அது போதும். ஒரு பேப்பருக்கு ஒரு பக்கம்: அவர்கள் கேட்ட கேள்வி, டேட்டா, கிடைத்த விடை, கடைசி வரியில் நம் பார்ட் நம்பர். அந்தக் கடைசி வரியை நிரப்ப முடியாவிட்டால் அந்தப் பேப்பர் இந்த மாதம் உங்களுக்கு இல்லை. மாதம் இரண்டு பக்கம் நிரம்பினாலே நிறைய.

அதை ரிப்போர்ட்டாக மெயிலில் அனுப்பாமல், ஸ்டோர்ஸ், பிளானிங், குவாலிட்டி, டிசைனில் இருந்து ஒவ்வொருவரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசுங்கள், எம்.டி.யையும் உட்காரச் சொல்லுங்கள். முதல் மாதத்துக்கு அந்த இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சப்ளையரிடம் மட்டும் வாங்குகிற, விலை குறைந்த இருபது பார்ட்டுகளைத் தேர்ந்தெடுங்கள், ஸ்டோர்ஸ்காரர் தாங்கும் நாளைச் சொல்வார். மீள்வதற்கான நாளை மட்டும் போனில் கேட்காதீர்கள். நேரில் போங்கள், மோல்டு எங்கே வைத்திருக்கிறார், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்று பார்த்துவிட்டு வாருங்கள். அந்த இருபது வரி தயாரானதும் எனக்கு எழுதுங்கள், காந்தத்துக்கான வரியில் மீள்வதற்கான நாள் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்பதைச் சேர்ந்து யோசிக்கலாம்.